கண்ணகை அம்மனும் சமணச் சுவடும்: வாவிக்கரைக் கோயில்களின் ஒரு பழைய கணக்கு

நூற்றாண்டு மலருக்கு எமது பிரதேசத்தின் வரலாறு பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, எதை எழுதுவது என்று எமக்குள் நீண்ட பேச்சு நடந்தது. கோட்டையைப் பற்றியும், 1924 இல் திறந்த கல்லடிப் பாலத்தைப் பற்றியும், பாடும் மீன்களைப் பற்றியும் முன்னைய மலர்கள் அத்தனையிலும் எழுதியாயிற்று. அப்போது எம்மில் ஒருத்தி, பல நாளாகத் தன் மனதில் இருந்த கேள்வியைப் போட்டாள். "கண்ணகி சமணப் பெண் என்று வளாகத்தில் படித்தேன். எங்கட ஊரில அவள் அம்மன். இரண்டும் எப்படிச் சரியாகும்?" அந்தக் கேள்விக்கு விடை தேடியதே இக்கட்டுரை.

வாவியின் எழுவான்கரையில் தெற்கு நோக்கிப் போகும் கல்முனை வீதியை எம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆரையம்பதி, புதுக்குடியிருப்பு, செட்டிபாளையம், எருவில், மகிழூர் என்று பஸ் நின்று நின்று போகும். ஒவ்வொரு ஊரிலும் ஒரு கண்ணகை அம்மன் கோயில் உண்டு. குருக்கள்மடத்தில் இறங்கித் துறையைக் கடந்து படுவான்கரைக்குப் போனால் மகிழடித்தீவு, முதலைக்குடா, கன்னன்குடா. வடக்கே வந்தாறுமூலை. தெற்கே வாவி முடிந்த பிறகும் காரைதீவு, தம்பிலுவில், பட்டிமேடு என்று அந்த வரிசை நீளுகிறது. இந்த ஊர்களையெல்லாம் அம்மன் சுற்றி வந்து அமர்ந்த கதையைச் சொல்லும் ஊர்சுற்றுக் காவியம் என்ற பாடலே எம்மிடம் உண்டு. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரும் மண்டூர் முருகனும் தேசத்துக் கோயில்கள். அவற்றுக்குத் திருவிழா, கொடி, தேர் எல்லாம் பெரிய அளவில் நடக்கும். கண்ணகை அம்மன் கோயிலோ ஊருக்குள் இருக்கும் கோயில். ஆண்டில் பெரும்பகுதி கதவு பூட்டிக் கிடக்கும்.

வைகாசி பிறந்தால்தான் கதவு திறக்கும். திறந்த அன்றிலிருந்து குளிர்த்தி வரையிலான நாட்கள் ஊருக்கு ஊர் கூடும், குறையும். ஆனால் நடப்பு ஏறக்குறைய ஒன்றே. பூசை செய்பவர் பிராமணக் குருக்கள் அல்லர், அந்தந்த ஊரின் கப்புகனார். வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்வார். உடுக்கு ஒலிக்க, ஏட்டிலிருந்து கண்ணகி வழக்குரை பாடப்படும். ஒரு நாள் கல்யாணக்கால் நடுவார்கள். வெட்டி வந்த கொம்பருக்குப் பட்டுச் சுற்றி, அதையே மணமகளாக எண்ணி, கண்ணகைக்கும் கோவலனுக்கும் கல்யாணம் நடந்ததாகப் பாடுவார்கள். பெண்கள் கூடி நெல் குற்றுவார்கள். கடைசியில் திருக்குளிர்த்தி. மதுரையை எரித்த கோபத்தோடு வந்தவளை வேப்பிலையும் நீரும் கொண்டு குளிர்வித்து, அந்த நீரைக் கூடியிருப்போர் மேல் தெளித்து, கதவை மறுபடி சாத்திவிடுவார்கள். சின்னம்மை, பெரியம்மை, கண்நோய், மழையில்லாத பங்குனி சித்திரை வெக்கை, எல்லாம் அவள் சூட்டின் பங்கு என்பதே எம் அம்மம்மாக்களின் கணக்கு. விடுதியில் ஒருத்திக்கு அம்மாள் வருத்தம் கண்டால் வீட்டார் வந்து கூட்டிப்போகும்போது கையில் வேப்பங்கொத்து இருக்கும். அறிவியல் பாட ஆசிரியை வைரஸ் என்று சொல்லித்தந்ததையும் நாம் நம்பினோம், வேப்பங்கொத்தையும் நம்பினோம்.

இவ்வளவும் வீட்டுப் பக்கம். பாடசாலைப் பக்கம் சிலப்பதிகாரம் என்று வேறொன்று இருந்தது. உயர்தர வகுப்பில் தமிழ் எடுத்தவர்கள் வழக்குரை காதையை மனனம் செய்தோம். முக்காப்பியத் தலைவியைப் பற்றிப் பத்துப் புள்ளிக் கேள்விக்கு விடை எழுதினோம். வைகாசியில் ஊருக்குப் போய்க் குளிர்த்தி நீர் தெளிபட்டு வந்தவளும், ஆனியில் தவணைப் பரீட்சை எழுதியவளும் ஒரே பிள்ளைதான். ஆனாலும் புத்தகத்துக் கண்ணகியும் கோயில் கண்ணகையும் ஒருத்தி என்று எமக்கு அப்போது தோன்றியதில்லை. யாரும் சொல்லவும் இல்லை. இதை ஒரு குறையாக எழுதவில்லை. அந்தக் காலத்தில் இலக்கியம் ஒரு பாடம், சடங்கு ஊர்ச் சங்கதி, அவ்வளவே.

இனி எம் தோழியின் கேள்விக்கு வருவோம். சிலப்பதிகாரத்தைப் பாடிய இளங்கோவடிகள் சமணத் துறவி என்பது நெடுநாள் மரபு. அவர் தங்கியிருந்ததாகப் பதிகம் சொல்லும் குணவாயிற் கோட்டத்தை, பழைய உரைகாரரான அடியார்க்குநல்லார் அருகன் கோயில் என்றே விளக்குகிறார். நூலுக்குள் நுழைந்தால் சான்றுகள் இன்னும் நெருங்கி வருகின்றன. கணவன் திரும்பிவர வேண்டுமானால் இரண்டு குளத்தில் நீராடிக் காமவேள் கோயிலில் கும்பிடு என்று தோழி தேவந்தி சொல்கிறாள். அது பெருமையன்று என்று ஒரே சொல்லில் கண்ணகி மறுத்துவிடுகிறாள். மதுரையில் மாதரி வீட்டில் அடைக்கலம் புகுந்தபோது கோவலனைச் சாவக நோன்பி என்று குறிக்கிறார்கள். சாவகர் என்போர் இல்லறத்தில் இருக்கும் சமணர். அதனால்தான் பொழுது சாயுமுன் சமைத்து உண்பதற்கு வேண்டிய பாத்திரங்கள் உடனே வருகின்றன. இருட்டியபின் உண்ணாமை சமணரின் விரதம். கண்ணகி தன் கையால் சமைத்துக் கணவனுக்குப் பரிமாறிய அந்தக் கடைசி உணவு ஒரு சமண வீட்டு உணவு.

அந்தக் காப்பியத்தில் கவுந்தியடிகள் என்ற ஒரு பெண் இருக்கிறார். பரீட்சைக்குப் படித்தபோது அவரை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. புகாரிலிருந்து மதுரை வரை அந்த இளம் தம்பதியோடு நடந்து வந்த சமணப் பெண் துறவி அவர். வழியில் கேலி செய்த இருவரை நரிகளாகப் போகும்படி சபித்து, பிறகு கண்ணகியும் கோவலனும் வேண்ட, பன்னிரண்டு மாதம் போதும் என்று குறைத்தவர். மிதித்த காலின் கீழ் உயிர் எதுவும் வருந்தக்கூடாது என்று பார்த்துப் பார்த்து நடக்கும் நோன்புடையவருக்கும் இப்படி ஒரு கோபம் வந்தது எமக்குப் பிடித்திருக்கிறது. கண்ணகியை இடைச்சி மாதரியிடம் ஒப்படைத்தவர் அவரே. கோவலனும் கண்ணகியும் பட்டதைக் கேட்டபின் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார் என்று நூலின் பின்பகுதி சொல்கிறது. எம் வாவிக்கரைக் கோயில் எதிலும் கவுந்திக்கு ஒரு பீடமோ ஒரு மடையோ நாம் கண்டதில்லை.

அதே சமண அடிகள்தாம் வேட்டுவர் கொற்றவையைக் கும்பிட்டதையும், ஆய்ச்சியர் திருமாலைப் பாடிக் குரவை ஆடியதையும், குன்றவர் முருகனுக்கு ஆடியதையும் அந்தந்த மக்களின் குரலிலேயே பாடிவைத்தார். இது முக்கியம். சமணர் எழுதிய நூல் என்பதால் அது சமணருக்கு மட்டும் உரிய நூல் ஆகிவிடவில்லை. குமரி மாவட்டத்துச் சிதறால் மலைக்குப் போய்வந்தவர்கள் எம்மில் இருக்கிறார்கள். அங்கே பாறையில் பார்சுவநாதரும் மகாவீரரும் அம்பிகை இயக்கியும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு உள்ள சமணப் பள்ளி அது. பின்னாளில் அது பகவதி கோயிலாயிற்று. நாகர்கோவில் நாகராசர் கோயில் தூண்களில் இன்றும் தீர்த்தங்கரர் உருவங்கள் உண்டு. கும்பிட வருவோர் அவற்றையும் தொட்டுக் கும்பிட்டுப் போகிறார்கள். பெண் தெய்வங்கள்தாம் இப்படிச் சமயம் விட்டுச் சமயம் எளிதாகக் கடந்துபோனார்கள் என்று நினைக்க இடமிருக்கிறது.

இலங்கையிலும் சமணர் இருந்தனர் என்பது எம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். அவர்களை நிகண்டர் என்று மகாவம்சம் குறிக்கிறது. அனுராதபுரத்தை அமைத்த பண்டுகாபயன் நிகண்டர்களுக்கு இருப்பிடம் கட்டிக்கொடுத்தான் என்கிறது. பிறகு கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், படையெடுத்து வந்த தமிழருக்குத் தோற்று ஓடிய வட்டகாமணி மன்னனைப் பார்த்து, கிரி என்ற நிகண்டரின் ஆசிரமத்திலிருந்து ஒருவர் கேலியாகக் கூவினாராம். மன்னன் மீண்டு வந்ததும் அந்த ஆசிரமத்தை இடித்து, அந்த இடத்தில் விகாரை எழுப்பினான். மன்னனின் பெயரான அபயனையும் நிகண்டரின் பெயரான கிரியையும் சேர்த்து அதற்கு அபயகிரி என்று பெயர். சுற்றுலாவில் அபயகிரி தாதுகோபத்தின் முன் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்ட வகுப்புகள் எத்தனை! அந்தப் பெயருக்குள் ஒரு சமணரின் பெயர் இருப்பது எமக்குத் தெரியாமற் போயிற்று.

மட்டக்களப்பு வாவிக்கரையில் சமணப் பள்ளி இருந்தது என்று காட்ட எம்மிடம் கல்வெட்டோ சிலையோ இல்லை. சிலர் கப்புகனாரின் வாய்க்கட்டைக் காட்டி, பூச்சி புழு வாய்க்குள் போகாமல் துணி கட்டும் சமண முனிவரின் வழக்கம் இது என்கிறார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வாயை மூடும் துணி சுவேதாம்பரப் பிரிவினருடையது. தமிழ்ச் சமணரோ திகம்பரர். அதோடு, மண்டூரிலும் கதிர்காமத்திலும் முருகனுக்கும் வாய்கட்டித்தான் பூசை நடக்கிறது. தெய்வத்தின் மேல் மூச்சுப் படக்கூடாது என்ற மரியாதை போதுமான காரணம். ஆகவே இந்தச் சான்றை நாம் ஏற்கவில்லை. எம்மிடம் உள்ள சமணச் சுவடு கல்லில் இல்லை, கதையில்தான் இருக்கிறது.

அந்தக் கதை இங்கே வந்த வழியைக் கயவாகு மன்னனோடு சேர்த்துச் சொல்வர். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது கடல் சூழ்ந்த இலங்கையின் கயவாகுவும் அங்கிருந்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட கஜபாகுவே அவன் என்று கொண்டு சங்ககாலத்தையே கணித்தவர்கள் உண்டு. மகாவம்சத்தில் கஜபாகு வருகிறான், பத்தினி வரவில்லை. அவன் சிலம்பு கொண்டுவந்த கதை பல நூற்றாண்டு பிந்திய சிங்கள நூல்களில்தான் விரிகிறது. எப்படியோ, சிங்கள மக்களுக்கு அவள் பத்தினித் தெய்வமானாள். கண்டிப் பெரஹராவில் ஊர்வலம் வரும் நான்கு தேவாலயங்களில் ஒன்று அவளுடையது. மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1984 இல் வெளியிட்ட பெரிய நூலில், பத்தினி வழிபாடு தென்னிந்தியச் சமண பௌத்த மக்களிடையே, அவர்களுள்ளும் வணிகரிடையே, வளர்ந்த ஒன்று என்றும், அங்கே அச்சமயங்கள் தேய்ந்தபின் சைவத்துள் கலந்தது என்றும் வாதிட்டார். எமது கரையோரச் சடங்குகளையும் அவர் வந்து பார்த்து எழுதியிருக்கிறார். அவர் முடிவுகள் எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் செட்டி குலத்துப் பெண் ஒருத்தி தெய்வமானதற்கு வணிகரும் அவர்களின் கப்பல்களும் காரணம் என்பது பொருத்தமாகவே படுகிறது. எமது கண்ணகி வழக்குரையில் மதுரைக்குப் போகுமுன்னரே கப்பல் கட்டும் காதையும் கடலோடும் காதையும் வந்துவிடுகின்றன. இளங்கோவடிகளின் நூலில் இவை இல்லை. மாங்கனியில் தோன்றிப் பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்ட குழந்தையாகக் கண்ணகை வருவதும் அவர் நூலில் இல்லை, எம்மிடமும் சிங்களப் பாடல்களிலும் உண்டு.

வடக்கில் நடந்தது வேறு. யாழ்ப்பாணத்திலும் கண்ணகி கோயில்கள் நிறைய இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிசனரிமாருக்கு எதிர்நின்று சைவத்தை ஒழுங்குபடுத்த முனைந்த ஆறுமுக நாவலரும் அவர் வழிவந்தோரும், கண்ணகி சமணச் செட்டிச்சி, அவளைக் கும்பிடுவது சைவருக்கு அடாது என்றனர். ஆகமத்தில் அவளுக்கு இடமில்லை என்பது அவர்கள் வாதம். காலப்போக்கில் பல கோயில்களில் அம்மன் இராஜராஜேஸ்வரி ஆனாள், புவனேஸ்வரி ஆனாள், நாகபூஷணி ஆனாள். வன்னியில் வற்றாப்பளை கண்ணகி கண்ணகியாகவே நின்றாள். நாவலரைக் குறைசொல்வது எம் நோக்கமன்று. அவர் அச்சிட்டுத் தந்த நூல்களில் தமிழ் படித்த பரம்பரைதான் நாமும். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் 1849 இல் சென்னையில் அச்சிட்ட முதல் நூல்களில் ஒன்று சூடாமணி நிகண்டு. அதைச் செய்த மண்டலபுருடர் சமணர். அவர் உரையெழுதிப் பரப்பிய நன்னூலின் ஆசிரியர் பவணந்தி முனிவரும் சமணரே. இலக்கணமும் அகராதியும் சமணரிடம் கற்கலாம், அம்மனை மட்டும் அவர்களிடமிருந்து பெறக்கூடாது என்றாயிற்று. நாலடியாரை மனனம் செய்து வளர்ந்த நாமும் சமண முனிவரின் மாணவிகள்தாம். பள்ளி என்ற சொல்லே சமண, பௌத்தத் துறவியர் இருப்பிடத்தைக் குறித்த சொல். அங்கே எழுத்துச் சொல்லிக்கொடுத்ததால் பள்ளிக்கூடம் என்ற பெயர் வந்தது என்பர்.

நாவலர் 1879 இல் மறைந்தார். உ.வே. சாமிநாதையரின் சிலப்பதிகாரப் பதிப்பு 1892 இல் வந்தது. அந்தப் பதிப்புக்குப் பிறகுதான் படித்த தமிழர் கண்ணகியைத் தமிழின் பெருமையாகக் காணத் தொடங்கினர். அதே 1892 மார்ச் மாதம் காரைதீவில், கண்ணகை அம்மன் கோயில் உள்ள ஊரில், மயில்வாகனன் என்ற பிள்ளை பிறந்தது. சுவாமி விபுலாநந்தரை மட்டக்களப்புப் பெண்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் வரும் இசைக் குறிப்புகளை வைத்து, மறைந்துபோன யாழை அவர் கணித்து மீட்டார். யாழ்நூல் 1947 ஜூனில் அரங்கேறியது, ஜூலையில் அவர் மறைந்தார். புத்தகத்துக் கண்ணகிக்கும் கோயில் கண்ணகைக்கும் நடுவே எமக்கு இருந்த இடைவெளி, குழந்தையாகக் குளிர்த்தி பார்த்து வளர்ந்த அவருக்கு இருந்திருக்காது என்று நம்புகிறோம்.

மட்டக்களப்பில் மட்டும் பெயர் மாறாமல் கண்ணகை நின்றது ஏன்? நாவலரின் குரல் இங்கே தாமதமாகவும் மெதுவாகவும் வந்தது ஒரு காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் எமது குடிமுறையில் இருக்கிறது என்பது எம் எண்ணம். எமக்குக் குடி தாய்வழி வருகிறது. வயிற்றுவார் என்பது எம் சொல். எந்தக் குடிக்கு எந்தக் கோயிலில் எந்தப் பூசை, யார் வண்ணக்கர், யாருக்கு முதல் வரிசை என்பதெல்லாம் தாயின் குடியைப் பார்த்தே தீரும். வீடும் வளவும் மகளுக்கு எழுதப்படும், மாப்பிள்ளை மனைவி வீட்டுக்கு வருவார். முக்குவர் சட்டம் என்று அந்நாளில் நூலாக எழுதப்பட்ட வழக்கமும் பெண்வழி உரிமையைத்தான் பேசுகிறது. அரசன் முன் நின்று கணக்குக் கேட்ட பெண் இப்படிப்பட்ட ஊரில் அந்நியமாகத் தோன்றியிருக்க மாட்டாள். கோயிலை நடத்தியவர்களும் ஊரவர்களே. ஆகமம் அவளை ஏற்குமா என்று கேட்க வேண்டிய குருக்கள் அங்கே இருக்கவில்லை. கப்புகனாருக்கு ஏடு போதும்.

கொம்பு விளையாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எமக்குப் பின் படித்தவர்களில் பலர் அதைப் பார்த்ததில்லை. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகை பக்கம். வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றில் ஒன்று கொளுவி, கயிறு கட்டி, இரு பக்கத்தாரும் இழுப்பார்கள். எதன் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. வென்றவர் தோற்றவரை வசைபாடுவர். அந்தப் பாட்டுகள் மலரில் அச்சிடத் தக்கவை அல்ல. எம் அம்மம்மாமார் அவற்றை முழுவதும் அறிந்திருந்தார்கள் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறோம். மழை பொய்த்தாலோ நோய் பரவினாலோ அம்மனின் சூடு தணிய இதை ஆடுவார்கள். அடிதடி முற்றியதால் பல ஊர்களில் நின்றது. யுத்த காலத்தில் ஊர் கூடுவதே கடினமாகியது. விடிய விடிய நடக்க வேண்டிய சடங்கை ஊரடங்கு வேளைக்குள் அடக்க வேண்டி வந்தது. சில வைகாசிகளில் கதவே திறக்காத ஊர்களும் உண்டு. இடம்பெயர்ந்தபோது ஏட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள், வீட்டோடு விட்டுப்போய்த் திரும்பி வந்து தேடியவர்களும் இருந்தார்கள்.

இப்போதைய நிலையை எழுதும்போது எம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. யுத்தமும் சுனாமியும் கடந்தபின் வாவிக்கரைக் கோயில்கள் வேகமாகக் கட்டப்படுகின்றன. ஓலையும் ஓடும் போய்ச் சீமெந்துத் தளமும் கோபுரமும் வந்திருக்கின்றன. பணம் பெரும்பாலும் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் வருகிறது. அதாவது எம்மிடமிருந்து. அம்மா பெயரில் ஒரு தூண், அப்பா நினைவாக ஒரு மணி. கோபுரம் எழுந்ததும் கும்பாபிசேகம் வேண்டும், கும்பாபிசேகத்துக்குக் குருக்கள் வேண்டும், குருக்கள் வந்தால் நித்திய பூசை வேண்டும், நித்திய பூசை என்றால் ஆண்டு முழுவதும் கதவு திறந்திருக்க வேண்டும். இதில் எந்தப் படியும் யாருடைய கெட்ட எண்ணத்தாலும் நடப்பதில்லை. ஊரில் இருப்பவர்களுக்கும் தங்கள் கோயில் பெரிய கோயிலாக வேண்டும் என்ற ஆசை உண்டு, அதைத் தூரத்தில் இருந்துகொண்டு பிழை என்று சொல்ல எமக்கு என்ன உரிமை என்று எம்மில் சிலர் கேட்டார்கள். பகலெல்லாம் கும்பிட வசதியாக இருக்கிறது என்று ஊரில் இருக்கும் எம் வகுப்புத் தோழிகளே சொல்கிறார்கள். ஆனால் ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்து வைகாசியில் திறக்கும் கதவுக்கு ஒரு அர்த்தம் இருந்தது. அவள் சினத்தோடு வந்து, குளிர்ந்து, போகிறவள். போகாமல் இருக்கும் அம்மனுக்குக் குளிர்த்தி எதற்கு என்று ஒரு கப்புகனார் எம்மிடம் கேட்டார். எம்மிடம் பதில் இருக்கவில்லை. சில இடங்களில் பெயரோடு ஈஸ்வரி என்று சேர்க்கும் பேச்சும் இப்போது கேட்கிறது. யாழ்ப்பாணத்தில் நூறு ஆண்டுக்கு முன் கொள்கையாக நடந்தது இங்கே எமது நன்கொடையால் நடந்துவிடக்கூடும்.

நன்கொடை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கொடுக்கும்போது கப்புகனாருக்கு என்ன கிடைக்கிறது, ஏடு படிக்க இளம் பிள்ளைகளை யார் பழக்குகிறார்கள் என்று கேட்டுக் கொடுக்கலாம் என்று எம் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். ஒரு தூணின் செலவில் ஒரு ஊரின் உடுக்குப் பாட்டு முழுவதையும் ஒலிப்பதிவு செய்துவிடலாம் என்று இன்னொருவர் கணக்குப் போட்டார். பண்டிதர் வி.சீ. கந்தையா 1964 இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' என்ற நூலை எழுதியும், 1968 இல் கண்ணகி வழக்குரையைப் பதிப்பித்தும் எமக்குப் பெரிய உதவி செய்துவிட்டுப் போனார். அவர் கையில் கிடைக்காத பாடங்கள் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொரு ஊருக்கும் ஓரிரு பாட்டு வேறுபடுகிறது. காவியம், அகவல், குளிர்த்திப் பாடல் என்று எழுதிய கொப்பிகள் பெரும்பாலும் பெண்கள் வசமே இருக்கின்றன. தாய்வழி வீடுதானே, அலுமாரியும் பெட்டகமும் மகளுக்கு வந்தன, அவற்றுக்குள் கிடந்த கொப்பியும் கூட வந்தது.

ஆகவே இந்த மலரைக் கையில் எடுக்கும் பழைய மாணவிகளிடம் ஒரு சிறு வேண்டுகோள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அம்மாவின், அம்மம்மாவின் பெட்டகத்தைத் திறந்து பாருங்கள். கரையான் அரித்த ஏடானாலும், அப்பியாசக் கொப்பியில் பென்சிலால் எழுதியதானாலும், கைபேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள். மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். எந்த ஊர், எந்தக் குடி, யார் பாடியது என்று ஒரு வரி எழுதினால் போதும். இதுவரை எம் கைக்கு வந்தவை மூன்று கொப்பிகள். அவற்றில் ஒன்றின் அட்டையில் எமது பாடசாலையின் முத்திரை இருக்கிறது. நான்காம் வகுப்புக் கணக்கு முடிந்த பக்கத்தின் மறுபுறத்தில், வேறொரு கையெழுத்தில், குளிர்த்திப் பாடல் தொடங்குகிறது.